கடுமையான நுரையீரல் பாதிப்புக்கு ஸ்டெம் செல்: ஐசியூ வாசலில் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் ஐசியூ நர்ஸாகப் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். வென்டிலேட்டரில் கிடப்பவரின் வீட்டார் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எப்போ கண் திறப்பார், எவ்வளவு ஆகும், திருவனந்தபுரம் கொண்டு போகலாமா. கொரோனாவுக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: "சிஸ்டர், ஸ்டெம் செல் போட்டா நெஞ்சு சரியாகுமாமே?" வாசலில் நின்றபடி அதற்கு முழுசாகப் பதில் சொல்ல எனக்கு ஒருநாளும் நேரம் கிடைத்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் 'ஏ.ஆர்.டி.எஸ்.' என்கிறார். அது நிமோனியாவா, இழுப்பா?

இரண்டும் இல்லை. நுரையீரல் திடீரென்று கெட்டு மூச்சு முட்டும் நிலைக்கு (அக்யூட் ரெஸ்பிரேட்டரி டிஸ்ட்ரெஸ் சிண்ட்ரோம்) அது சுருக்கம். ஆனால் நிமோனியா முற்றினால் இதில் கொண்டுபோய் விடும். நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் வெங்காயச் சருகைவிடப் பல மடங்கு மெல்லியது. அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் காற்று. உடம்பில் எங்கோ மூண்ட அழற்சியில் அந்தச் சுவர் ஒழுக ஆரம்பித்தால், புரதம் கலந்த நீர் நுண்ணறைக்குள் நிறைந்துவிடும். காற்று உள்ளே வரும், ஆனால் ரத்தத்தில் சேராது. எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிய வேண்டிய இரண்டு பக்கமும் வெள்ளையாகிவிடும்.

நம்ம நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல வருஷம் அறுவை மருத்துவராக இருந்த ஹோவர்ட் சோமர்வெல் 1924-ல் எவரெஸ்ட் உச்சியை எட்டாமல் திரும்பி இறங்கும்போது, குளிரில் புண்ணாகி உரிந்த தொண்டைச் சவ்வு வழியை அடைத்துக்கொண்டது. சாகத்தான் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசியாக நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்தி இருமி, அதை வெளியே தள்ளிப் பிழைத்தார். அவருக்கு அடைத்தது குழாய். ஏ.ஆர்.டி.எஸ்.-ல் குழாய் திறந்துதான் இருக்கும், ஒழுகுவது சுவர். "சளியை உறிஞ்சி எடுத்தா போதாதா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதுவே.

1967-ல் அமெரிக்காவின் டென்வர் மருத்துவர்கள் 12 நோயாளிகளை வைத்து முதன்முதலாக இதைத் தனியாக அடையாளம் காட்டினார்கள். அவர்களுக்கு நோய் வந்த காரணம் பலவிதம், நுரையீரலின் கோலம் மட்டும் ஒன்று. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எங்க வீட்டில் யாருக்கும் நெஞ்சு நோய் கிடையாது. எப்படி வந்தது?

முதல் கோளாறு நெஞ்சில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நின்று வேலை பார்த்தவருக்கு எலிக்காய்ச்சல் வந்து, மூன்றாம் நாள், நாலாம் நாள் நுரையீரலுக்குள் ரத்தக் கசிவோடு மூச்சு முட்டும். ரப்பர் தோட்டம், புதர்க்காடு பக்கம் போய் வந்தவருக்குப் பூச்சி கடித்து ஸ்கரப் டைபஸ் வரும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கடலில் மூழ்கி மீட்கப்பட்டவர், கணையம் வீங்கியவர், பைக் விபத்தில் தொடை எலும்பு நொறுங்கியவர், மயக்கத்தில் வாந்தி நெஞ்சுக்குள் இறங்கியவர் என்று இந்தக் கட்டிலுக்கு வரும் வழிகள் பல.

காரணத்தைக் கண்டுபிடிப்பதில் பாதி வைத்தியம் அடங்கியிருக்கிறது. ஸ்கரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற இரண்டு பழைய, விலை குறைந்த மருந்துகள் இருக்கின்றன. நோய் முற்றியவர்களுக்கு ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட இரண்டையும் சேர்த்து ஊசி வழியாகக் கொடுப்பது நல்லது என்று இந்தியாவில் ஏறக்குறைய 800 பேரிடம் செய்த ஆய்வு 2023-ல் காட்டியது. வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தியது அது. ஸ்டெம் செல் பற்றி விசாரிக்கும் முன்னால், "எதனால் வந்ததுன்னு தெரிஞ்சுதா, அக்குளைப் பார்த்தீங்களா?" என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

'தீவிரம்' என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ஒரு வகுத்தல் கணக்குதான். தமனி ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அழுத்தத்தை, நோயாளிக்குக் கொடுக்கும் காற்றில் ஆக்சிஜன் எத்தனை பங்கு என்பதால் வகுக்க வேண்டும். நல்ல நுரையீரலுக்கு 400-க்கு மேல் வரும். 300-க்குக் கீழே வந்தால் லேசானது, 200-க்குக் கீழே நடுத்தரம், 100 அல்லது அதற்கும் கீழ் என்றால் தீவிரம். 2012-ல் வகுத்த பெர்லின் வரையறை இது. 80 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 64 மட்டுமே என்றால், 64-ஐ 0.8-ஆல் வகுக்க 80. தீவிரம்.

2016-ல் 50 நாடுகளின் ஐசியூக்களைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். தீவிர நிலையில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்திருந்தார்கள். வீட்டார் புது வைத்தியம் தேடி அலைவதில் ஆச்சரியமில்லை.

இப்போ உள்ள வைத்தியத்தில் என்னதான் செய்கிறார்கள்? சும்மா மிஷின்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

வென்டிலேட்டர் நோயைக் குணமாக்குவதில்லை, நேரம் வாங்கித் தருகிறது. ஆனால் அதைத் தப்பாக ஓட்டினால் அதுவே நுரையீரலைக் கிழிக்கும். முன்பெல்லாம் ஒரு மூச்சுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லி காற்று தள்ளினார்கள். 2000-ல் அமெரிக்காவில் 861 பேரிடம் அதை 6 மில்லியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லை, காற்றின் அளவை மட்டும் குறைத்தார்கள். இதில் ஒரு நுணுக்கம்: எடை என்றால் தராசு காட்டும் எடை அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆண் 90 கிலோ இருந்தாலும், அவர் நுரையீரல் 61 கிலோ ஆளுடையதுதான். ஒரு மூச்சுக்கு சுமார் 370 மில்லி போதும். எங்கள் வார்டில் தையற்கடை இஞ்சு டேப் ஒன்றை டிராயரில் வைத்திருப்போம். புது நோயாளி வந்ததும் தலை முதல் குதிகால் வரை அளப்போம். "சவப்பெட்டிக்கா அளக்கிறீங்க?" என்று ஒரு அம்மா கதறியது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு, எதற்கு அளக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அடுத்தது குப்புறப் படுக்கவைப்பது. 2013-ல் வந்த பிரெஞ்சு ஆய்வில் 466 பேர் சேர்ந்திருந்தார்கள். தினமும் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுத்தவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் 16 சதவீதம், மல்லாந்தே கிடந்தவர்களில் 32.8. குப்புறப் போடுவது லேசான வேலையும் அல்ல. ஐந்து பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் குழாயைப் பிடித்தபடி எண்ணுவார், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர் விரிப்பின் ஓரத்தைச் சுருட்டி இறுக்கிப் பிடிக்க, "ஒண்ணு, ரெண்டு, மூணு". முதலில் ஓரத்துக்கு இழுத்து, பிறகு சரித்து, பிறகு கவிழ்க்க வேண்டும். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழே தலையணை, கண்ணுக்கு மேல் பிளாஸ்டர், முகத்தைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி வைக்கணும். அப்படியும் கன்னம் வீங்கிவிடும். வீட்டார் கண்ணாடி வழியாகப் பார்த்து, அடித்துவிட்டார்களோ என்று பயந்த கதையும் உண்டு.

சரி, ஸ்டெம் செல் என்றால் என்ன? நுரையீரலுக்கு எந்தச் செல்லைப் போடுகிறார்கள்?

தானும் பெருகி, வேறு வகைச் செல்லாகவும் மாறக்கூடிய செல் அது. அதில் பல சாதி உண்டு. ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் எலும்பு மஜ்ஜை மாற்றுகிறார்களே, அங்கே வேலை செய்வது ரத்த ஸ்டெம் செல். அது நிரூபணமான வைத்தியம். நுரையீரல் ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுவது 'மெசன்கைமல்' செல். எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடியின் வழவழப்பான சதை ஆகியவற்றிலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்த்து, உறையவைத்து வைப்பார்கள். இந்தப் பெயரை 1991-ல் வைத்த ஆர்னால்ட் கேப்லன் என்ற அமெரிக்க விஞ்ஞானியே, 2017-ல் 'ஸ்டெம் செல்' என்று சொல்வதை நிறுத்துங்கள் என்று எழுதினார். அவை உடம்புக்குள் போய் வேறு உறுப்பாக மாறுவதில்லை, சமிக்ஞைதான் அனுப்புகின்றன என்பது அவர் வாதம். பெயர் வைத்தவரே திருத்தச் சொன்ன பிறகும் விளம்பரக்காரர்கள் விடுவதாக இல்லை.

அப்படியானால் அந்தச் செல் போய்ப் புது நுரையீரலாக வளராதா?

வளராது. ரப்பரில் ஒட்டுக்கட்டினால் ஒட்டு வேர்த்தண்டோடு ஒன்றாகி மரமாகும். இது அந்த மாதிரி இல்லை. கை நரம்பில் ஏற்றிய செல்கள் இதயம் வழியாக முதலில் போய்ச் சேர்வது நுரையீரலின் நுண்குழாய்களில்தான். உருவம் பெரிசு என்பதால் வலையில் மீன் சிக்குகிற மாதிரி அங்கேயே சிக்கிக்கொள்ளும். கல்லீரலுக்கோ மூளைக்கோ செல் அனுப்ப நினைப்பவர்களுக்கு இது தலைவலி, நுரையீரல்காரர்களுக்கு வசதி. ஆனால் ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலானவை அழிந்துவிடும்.

அந்த ஒன்றிரண்டு நாளில் என்ன செய்கின்றன? அழற்சியை அடக்கும் புரதங்களைச் சுரக்கின்றன. ஒழுகும் சுவரை இறுக்கும் பொருள், கிருமியைக் கொல்லும் பொருள், நுண்ணறையில் தேங்கிய நீரை உறிஞ்சத் தூண்டும் வளர்ச்சிக் காரணி எல்லாம் அதில் உண்டு. 2012-ல் எலிகளில் ஒரு விநோதத்தையும் பார்த்தார்கள். மஜ்ஜைச் செல் நுண்ணறைச் செல்லோடு ஒட்டி நின்று, செல்லுக்குச் சக்தி தரும் தன் மைட்டோகாண்ட்ரியாவையே அதற்குக் கொடுத்தது. பக்கத்து வீட்டில் அடுப்பு அணைந்தால் நம் அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்துக் கொடுக்கிற மாதிரி. படிக்கும்போது எனக்கே சிலிர்த்தது. ஆனால் அது எலி.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா? பலித்ததா?

பார்த்தார்கள். ஆபத்து பெரிதாக இல்லை என்பது பலமுறை தெரிந்துவிட்டது. உயிர் காக்கிறது என்பது இன்னும் நிரூபணமாகவில்லை.

அமெரிக்காவில் மைக்கேல் மத்தாய் குழு முதலில் 9 பேருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்து 60 பேரிடம் நடத்திய சோதனையை 2019-ல் வெளியிட்டது. 40 பேருக்குக் கிலோவுக்கு 1 கோடி செல், 20 பேருக்கு வெறும் திரவம். 28 நாளில் செல் பெற்றவர்களில் 30 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 15. பயந்துவிடாதீர்கள். செல் குழுவில் சேர்ந்தவர்கள் தொடக்கத்திலேயே அதிக நோயோடு இருந்தார்கள், அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் இறப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்பதே முடிவு. அதோடு இன்னொன்றும் வெளிவந்தது. உறைந்த செல்லை உருக்கிக் கழுவிப் பார்த்தபோது உயிரோடு இருந்தவை சிலருக்கு 85 சதவீதம், சிலருக்கு 36 சதவீதம்தான்.

கொரோனா காலத்தில் சோதனைகள் குவிந்தன. மயாமியில் 24 பேரிடம் நடந்த தொப்புள்கொடிச் செல் ஆய்வில், ஒரு மாதத்தில் பிழைத்தவர்கள் செல் குழுவில் 91 சதவீதம், மறு குழுவில் 42. வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்த எண்தான். அதே தொப்புள்கொடிச் செல்லை வைத்து பிரான்சில் 45 பேரிடமும், பெல்ஃபாஸ்ட் குழு 60 பேரிடமும் நடத்திய ஆய்வுகளில் ஆக்சிஜன் அளவு வெறும் திரவம் பெற்றவர்களைவிட மேம்படவில்லை. இந்த இரண்டும் யார் வாட்ஸ்அப்பிலும் வராது. அமெரிக்காவில் மீசோபிளாஸ்ட் நிறுவனம் 300 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட பெரிய சோதனை, 222 பேரோடு 2020 டிசம்பரில் நின்றது. தொடர்ந்தாலும் இறப்பைக் குறைப்பதாகக் காட்ட வாய்ப்பில்லை என்று கண்காணிப்புக் குழு சொல்லிவிட்டது. அதே நிறுவனத்தின் அதே செல்லுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்தது, ஆனால் மஜ்ஜை மாற்றத்துக்குப் பிறகு குழந்தைகளுக்கு வரும் ஒரு சிக்கலுக்கு. "அமெரிக்காவுல அப்ரூவ் ஆயிட்டு" என்று யாராவது சொன்னால் எதற்கு என்று கேளுங்கள்.

எலிக்குப் பலித்தது மனுஷனுக்கு ஏன் பலிக்கவில்லை?

எலி இளசு. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் கிடையாது. எந்த மணியில் நுரையீரலைக் கெடுத்தோம் என்று ஆராய்ச்சியாளருக்குத் தெரியும், சில மணி நேரத்தில் செல்லைக் கொடுத்துவிடலாம். நம் ஆள் ஐந்து நாள் காய்ச்சலோடு மெடிக்கல் ஷாப் மாத்திரையில் ஓட்டிவிட்டு, ஆறாம் நாள் நம்மிடம் வருகிறார்.

டென்வரின் 12 பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? ஏ.ஆர்.டி.எஸ். என்பது ஒரு நோய் இல்லை, பல நோய்கள் வந்து சேரும் ஒரு முச்சந்தி. ரத்தப் பரிசோதனையை வைத்துப் பிரித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அழற்சி கொழுந்துவிட்டு எரிகிறது, மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை என்று 2014 முதல் சொல்லி வருகிறார்கள். எரிகிறவருக்கும் எரியாதவருக்கும் ஒரே தண்ணீரை ஊற்றிவிட்டுச் சராசரி பார்த்தால் என்ன தெரியும்? அடுத்த சோதனைகள் ஆள் பிரித்துக் கொடுத்துப் பார்த்தால் வேறு விடை வரலாம் என்பது என் எண்ணம். அந்த வாய்ப்பு இருப்பதால்தான் இந்தத் துறையை மொத்தமாக ஏமாற்று வேலை என்று நான் சொல்வதில்லை.

எக்ஸோசோம் என்று ஒன்று சொல்கிறார்களே?

செல் வெளியே விடும் குட்டிப் பொட்டலங்கள் அவை, மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். வேலை செய்வது செல்லின் சுரப்புதான் என்றால், செல்லை விட்டுவிட்டுப் பொட்டலத்தை மட்டும் கொடுக்கலாமே என்பது யோசனை. நல்ல யோசனைதான், ஆய்வும் நடக்கிறது. ஆனால் எஃப்.டி.ஏ. ஒப்புதல் பெற்ற எக்ஸோசோம் மருந்து ஒன்றுகூட இல்லை. அனுமதியில்லாத எக்ஸோசோம் ஊசியால் நெப்ராஸ்காவில் நோயாளிகளுக்குக் கடும் பாதிப்பு வந்ததாக 2019-ல் அதே எஃப்.டி.ஏ. எச்சரித்தது.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எல்லாம் அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும். பெங்களூரின் ஸ்டெம்பியூடிக்ஸ் தயாரிக்கும் செல்லுக்கு 2016-ல் புகையிலையால் வரும் கால் ரத்தக்குழாய் அடைப்புக்கும், 2022-ல் முழங்கால் தேய்மானத்துக்கும் அனுமதி கிடைத்தது. இரண்டும் நுரையீரலுக்கு இல்லை.

ஒருவர் போன் செய்து, பெரிய ஊரில் செய்து தருகிறோம் என்கிறார். நம்பலாமா?

அருமனை பக்கத்து ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர் எலிக்காய்ச்சல் முற்றி வந்து கிடந்தார். இரண்டாம் நாள் குப்புறப் போட்டிருந்தோம். அவர் மகளுக்கு எங்கிருந்தோ போன். எண் எப்படிக் கிடைத்தது என்று இன்றைக்கும் தெரியாது. லட்சக்கணக்கில் ஒரு தொகை, அதில் பாதி முன்பணம், 'அரை மணிக்கூரில்' முடிவு சொல்லணுமாம். அந்தப் பிள்ளை பத்து சென்ட் தோட்டத்தை விற்கச் சித்தப்பாவோடு பேசிக்கொண்டிருந்தது. நான் மூன்றே கேள்வி எழுதிக் கொடுத்தேன். சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன? எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? ஆய்வு என்றால் எதற்குப் பணம்? போன் வைக்கப்பட்டது, திரும்ப வரவே இல்லை.

சி.டி.ஆர்.ஐ. என்பது இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் அரசுப் பதிவேடு, இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். முறையான ஆய்வில் சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். ஆய்வால் பாதிப்பு வந்தால் இழப்பீடு தர வேண்டும் என்று 2019-ன் விதிகள் சொல்கின்றன. இன்னொன்று: 80 சதவீத ஆக்சிஜனில் இருப்பவரை ஆம்புலன்ஸில் பல மணி நேரம் கொண்டுபோவதே உயிருக்கு உலை வைக்கும் காரியம்.

பேரன் பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தம் வங்கியில் வைத்தோம். அதைத் தாத்தாவுக்குப் போடலாமா?

போட முடியாது. கொடி ரத்தத்தில் முக்கியமாக இருப்பது ரத்த ஸ்டெம் செல். நான் மேலே சொன்ன தொப்புள்கொடி ஆய்வுகளில் பயன்பட்டது கொடியின் சதையிலிருந்து எடுத்து வளர்த்த செல். அதுவும் யாரோ ஒருவருடையது, முன்பே தயாராக உறைய வைத்தது. சொந்தக்காரருடையதாக இருந்தால் நல்லது என்பதும் இல்லை. இந்தியாவில் கொடி ரத்தம் சேமிக்க மட்டுமே உரிமம் உண்டு. கொடிச் சதை, பல் என்று சேமிக்கச் சொல்லி விற்பவர்களுக்கு 2017-ன் வழிகாட்டுதலில் இடமில்லை.

பக்கவிளைவு இல்லையென்றால் கடைசி முயற்சியாகப் போட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

ஆய்வுகளில் பெரிய பக்கவிளைவு இல்லை என்றால், அது நல்ல ஆய்வகத்தில், கிருமி இல்லையென்று சோதித்து, எண்ணி அளந்து கொடுத்த செல்லுக்கு. இந்தச் செல்களின் மேல் ரத்தத்தை உறையவைக்கும் ஒரு புரதம் இருக்கிறது, ஏ.ஆர்.டி.எஸ். நோயாளியின் ரத்தமோ ஏற்கனவே உறையத் துடிப்பது. எங்கோ மூடிய அறையில் தயாரித்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். நுரையீரல் தேற இப்போது ஸ்டெம் செல் போடலாமா?

அதற்கும் நிரூபணம் இல்லை. ஒரு நல்ல விஷயம் உண்டு: பிழைத்தவர்களுக்கு நுரையீரல் பெரும்பாலும் தானாகவே தேறும். கனடாவில் 109 பேரை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். மூச்சுப் பரிசோதனை ஏறக்குறைய இயல்புக்கு வந்திருந்தது, ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் எதிர்பார்க்கும் அளவில் முக்கால் பங்குதான். தேறாமல் நின்றது நெஞ்சு இல்லை, தசையும் மனசும். ராத்திரி திடுக்கிட்டு எழுவது, மறதி, மாடிப்படியில் கால் நடுங்குவது எல்லாம் மாதக்கணக்கில் இருக்கும். வீட்டார் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த அருமனைக்காரர் இருபது நாளுக்கு மேல் எங்களிடம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். மூன்று மாசம் கழித்துக் கையில் ஒரு நேந்திரங்குலையோடு வார்டு வாசலில் வந்து நின்றார். முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. குப்புறக் கிடந்த முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். "சிஸ்டர், விடியக்காலம் வெட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார். முதலில் முற்றத்தைச் சுற்றி நடங்க, பிறகு அம்பது மரம், மூச்சு வாங்கினால் உட்காருங்க, மழை நாளில் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் தோட்டத்தில் இறங்காதீங்க என்றேன். பூட்ஸ் மகள் ஏற்கனவே வாங்கி வைத்துவிட்டாளாம். போட்டால் கால் வேர்க்கிறதாம்.